பன்னிரண்டாவது நாற்காலியில் அப்பா

எங்கள் ஊர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இரண்டு கூட்டம் வரும். ஒரு கூட்டம் உள்ளே தரையில் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று வெளியே வேப்பமரத்தடியில், பைக்குகளுக்கு நடுவில் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் சாமியைப் பார்த்தபடி வெளியே கழற்றிப்போட்ட செருப்பைப் பற்றி யோசிப்பார்கள். வெளியே நிற்பவர்கள் செருப்பைப் போட்டபடியே பன்னீர் திராட்சை விலையைப் பற்றிப் பேசுவார்கள். உள்ளே மணி அடித்தால் பேச்சு நிற்கும், தலை குனியும். மணி அடங்கியதும் விலை விட்ட இடத்திலிருந்து தொடரும். நற்கருணை கொடுக்கும் நேரத்தில் ஆளாளுக்கு பைக் சாவியைத் தேடுவார்கள்.

எங்கள் அப்பா வெளிக்கூட்டத்தின் ஆயுள் சந்தாதாரர். மழை பெய்தால்கூட உள்ளே ஒதுங்க மாட்டார், முற்றத்தில் குகை மாதிரிக் கட்டியிருக்கும் கெபிக் கூரைக்கடியில் மாதா சிலையோடு சேர்ந்து நிற்பார். அம்மாவோ உள்கூட்டத்தில் முதல் வரிசை, மாதா சபையில் வேறு இருக்கிறாள். அவளுடைய குடும்பம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே வேதத்தில் சேர்ந்த குடும்பம். அப்பா கோம்பை ஊர்க்காரர், அய்யனாரைக் கும்பிடும் விவசாயக் குடும்பம். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவர். ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்பும் வழியில் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். உள்ளே வந்தால் கூரை இடிந்து விழுந்துவிடுமா? அப்பா கியரை மாற்றுவார். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் நடந்த ஒரே மத விவாதம் அதுதான்.

இந்த நிலைமையில்தான் புதுச் சாமி, அதாவது புதுப் பங்குத்தந்தை, வந்தார். இளவயது, கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர், கையில் ப்ரொஜெக்டர். வந்த மாதமே ஒரு திட்டத்தை அவிழ்த்துவிட்டார். திருவழிபாட்டு ஆண்டு என்பது கோயிலுக்குள் மட்டும் நடப்பதல்ல, வீட்டுக்குள்ளும் நடக்க வேண்டும். திருவருகைக் காலத்துக்கு ஒன்று, தவக்காலத்துக்கு ஒன்று, ஒவ்வொரு காலத்துக்கும் குடும்பமாகச் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும். செய்ததைப் படம் எடுத்துப் பங்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். தேனியில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டு, தினம் இரண்டு பஸ் மாறிப் போய் வந்துகொண்டிருந்த என்னை அந்த குரூப்புக்கு அட்மின் ஆக்கினார். சம்பளம் கிடையாது, பரலோகத்தில் கிடைக்குமாம்.

முதலில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலத்துக்கு மெழுகுவர்த்தி வளையம். பச்சைத் தழையில் வளையம் கட்டி, வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி நட வேண்டும். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். தழைக்கு எங்கே போவது? அப்பா கவாத்து வெட்டிப் போட்டிருந்த திராட்சைக் கொடியை அம்மா வளைத்துக் கட்டினாள். பார்க்கப் பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணை மாதிரி இருந்தது. ஊதா கிடைத்தது. ரோஸ் மெழுகுவர்த்திக்குக் கம்பம் பஜார் முழுக்க அலைந்தேன். பிறந்தநாள் கேக்கில் செருகும் எண் மெழுகுவர்த்திதான் ரோஸ் கலரில் இருந்தது, அதிலும் எட்டு மட்டும்தான் மிச்சம். மூன்றாம் வாரம், மகிழ்ச்சியின் ஞாயிறு, எங்கள் வீட்டில் எட்டு எரிந்தது. படத்தை குரூப்பில் போட்டதும் வரிசையாக ஹேப்பி பர்த்டே வந்து விழுந்தது. நான்காம் வாரம் வளையத்தை ஆடு தின்றுவிட்டது. இரட்சகரின் வருகைக்கு நாங்கள் தயாரானது இவ்வளவுதான்.

அப்புறம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். குடும்பத்தில் ஒவ்வொருவரும் எதையாவது விட வேண்டும் என்றார் சாமி. அம்மா காபியை விட்டாள், அதற்குப் பதிலாக எங்களைத் திட்ட ஆரம்பித்தாள். நான் ரீல்ஸ் பார்ப்பதை விட்டுவிட்டு அதே வீடியோக்களை வேறு ஆப்பில் பார்த்தேன். அப்பாவைக் கேட்டபோது, கோயிலுக்கு வெளியே நிற்பதை விட்டுவிடுகிறேன் என்றார். அம்மாவின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று அவர் அடுத்த வரியைச் சொன்னதும் காபி டம்ளர் பறந்தது. உள்ளே காபி இல்லாததால் சேதம் குறைவு.

அடுத்து வந்தது பெரிய வியாழன். இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, அன்றைக்குப் பூசையில் பன்னிரண்டு ஆண்களை முன்னால் உட்காரவைத்து சாமி அவர்கள் காலைக் கழுவுவார். எங்கள் ஊரில் வருடா வருடம் அதே பன்னிரண்டு பேர்தான். பரம்பரை அப்போஸ்தலர்கள். புதுச் சாமி இதை உடைத்தார். எல்லாக் குடும்பத் தலைவர்கள் பெயரையும் சீட்டு எழுதிப்போட்டுக் குலுக்கி எடுக்கப் போவதாக அறிவித்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாற்காலி, இயேசு பரலோகத்தின் சாவியைக் கொடுத்த தலைமைச் சீடர் இராயப்பருடையது, அதில் பல வருடமாகத் தான்தான் உட்கார்ந்துவருவதாகவும் அதற்கெல்லாம் சீட்டுப் போட முடியாது என்றும் சாமியறையிலேயே உட்கார்ந்து வாதாடினார். கடைசியில் அந்த ஒரு நாற்காலியை அவருக்கே விட்டுவிட்டார்கள்.

அந்த வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று பூசை முடிவில் சீட்டு எடுத்தார்கள். ஒவ்வொரு பெயரும் மைக்கில் வந்தது. கடைசியாக ஒரு பெயரைச் சாமி வாசித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் வாசித்தார். அப்படி ஓர் ஆள் ஊரில் இருப்பதாகவே யாருக்கும் தெரியவில்லை. வெளியே ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவும் யாருடா அது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். மூன்றாவது தடவை வாசித்தபோதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா குருத்தோலையோடு துள்ளி எழுந்தாள்.

"சாமி, அது எங்க வீட்டுக்காரு."

ஞானஸ்நானத்தில் அப்பாவுக்கு வைத்த பெயர் அது. கல்யாண ஓலையில் ஒரு முறை எழுதியதோடு சரி, அப்புறம் அதை யாரும் பயன்படுத்தவில்லை. புதுசு மாதிரியே இருந்தது.

அன்று வீட்டில் பெரிய சண்டை. தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றார் அப்பா. என்ன வேலை என்று கேட்டதற்கு, அன்றைக்குப் பார்த்து ஏதாவது வரும் என்றார். அம்மா சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தன் அண்ணன் தம்பிகள் ஒவ்வொரு நல்லது கெட்டதுக்கும் உன் புருஷன் இன்னும் வெளியேதான் நிற்கிறானா என்று கேட்பதை, இவள் சிரித்துச் சமாளிப்பதை, மெதுவாக எண்ணெய் ஊற்றுவதுபோலச் சொன்னாள். ஒரே ஒரு நாள் உள்ளே உட்கார்ந்தால் போதும், அதற்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்றாள். அப்பா சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன விதத்தைப் பார்த்தால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து மூன்று நாள் காலேஜ் லீவு. முதல் நாளே காமயகவுண்டன்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து கொடி கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே கேட்டார்.

"ஆத்தா, உள்ள எப்ப எந்திரிக்கணும், எப்ப உக்காரணும்?"

"எதுக்குள்ளப்பா?"

"கோயிலுக்குள்ளதான்."

கலாய்க்கிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை.

"நெசமாத் தெரியாதா?"

"தெரிஞ்சா வெளிய நிப்பனா?"

அப்புறம் சொன்னார். ஞானஸ்நானத்துக்கு முன்னால் உபதேசியார் இரண்டு சாயங்காலம் பாடம் நடத்தியிருக்கிறார். சிலுவை போடுவது, பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம். மிச்சத்தைப் போகப் போகப் பழகிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கல்யாணம் முடிந்த முதல் ஞாயிறு புது மாப்பிள்ளையை முன்வரிசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். முன்னால் பார்த்துக் காப்பியடிக்க ஆள் இல்லை. எல்லோரும் எழுந்தபோது இவர் உட்கார்ந்திருக்கிறார், எல்லோரும் உட்கார்ந்தபோது இவர் முழந்தாளிட்டிருக்கிறார். பின்னால் அம்மா வழிப் பெண்கள் சிரித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் மட்டும் வெளியே நிற்போம் என்று நின்றவர்தான்.

அம்மாவிடம் கேட்டிருக்கலாமே என்றேன்.

"மொத மாசத்துல கேட்டிருக்கலாம். நீ பெறந்து நடக்க ஆரம்பிச்ச பெறகு எப்பிடிக் கேக்குறது? இம்புட்டு நாளு என்ன செஞ்சீகன்னு கேப்பா. உங்கம்மா என்னயப் பிடிவாதக்காரன்னு நெனச்சிக்கிட்டிருக்கா. அது அப்பிடியே இருக்கட்டும். ஒண்ணுந் தெரியாதவன்னு நெனைக்க வேணாம். ஊருக்கு முன்னாடி மேடையேத்தி உக்கார வச்சா அம்புட்டும் வெளிய வந்துரும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதே நேரம் அவர் கை கொடி கட்டாமல் நாரை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்ததையும் பார்த்தேன். சரி, மூன்று நாளில் தேற்றிவிடலாம் என்றேன். செமஸ்டருக்கு முந்தின நாள் ஐந்து யூனிட் படிக்கிற ஆள் நான்.

திட்டம் எளிமை. நான் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்காருவேன். துப்பட்டாவை வலது தோளுக்கு மாற்றினால் எழ வேண்டும், இடது தோளுக்கு மாற்றினால் உட்கார வேண்டும், தலையில் போட்டால் முழந்தாள். பந்தலுக்கடியில் ஒத்திகை பார்த்தோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று, நான் துப்பட்டாவை மாற்ற மாற்ற அப்பா உட்கார்ந்து எழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

ஆனால் அப்பாவின் பயமெல்லாம், பூசையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் நீளமான மந்திரமான விசுவாசப் பிரமாணத்தில்தான் இருந்தது. வேப்பமரத்தடியில் நின்று கேட்டால் அதுதான் ஊர் முழுக்க ஒரே குரலில் இரைவது போல இருக்குமாம். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பவன் தனியாகத் தெரிவான் என்று முடிவுகட்டியிருந்தார். போனில் பேசி ரெக்கார்ட் செய்து கொடுத்தேன். தோட்டத்தில் அதைக் காதில் மாட்டிக்கொண்டே வேலை பார்த்தார். எல்லாம் வந்தது, இயேசுவுக்குச் சாவுத் தீர்ப்பு எழுதிய பிலாத்து மட்டும் வரவில்லை. ஒன்று பிலாத்தை விட்டுவிடுவார், இல்லையென்றால் பிலாத்தைக் கடைசியில் கொண்டுபோய் நித்திய வாழ்வோடு சேர்த்துவிடுவார்.

"அவன் எதுக்குத்தா நம்ம மந்திரத்துல வர்றான்? கொன்னவன் பேரச் சொல்லியா கும்புடுவாக?"

சிலபஸில் இருக்கிறது, மனப்பாடம் பண்ணுங்கள் என்றேன். புதன்கிழமை மத்தியானம் வாய்க்கால் மேட்டில் நின்று, பிலாத்தைச் சரியான இடத்தில் நிறுத்தி, முழுசாகச் சொல்லிவிட்டார். நான் கைதட்டினேன்.

அன்று மாலையே வானம் மூடிக்கொண்டது. பிஞ்சு நிற்கிற நேரத்தில் மூட்டம் போட்டால் நோய் இறங்கிவிடும் என்று அப்பா மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்து அடிக்கப் போய்விட்டார். செருப்பில்லாமல். எங்கள் பக்கம் திராட்சைக்காரர்கள் காலைப் பார்த்தாலே தெரியும், வெடிப்புக்குள்ளெல்லாம் லேசான நீலம் ஏறியிருக்கும். அது பாட்டுக்கு இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை.

ஆனால் இந்தக் கால் நாளைக்குச் சாமி கழுவப்போகிற கால். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாமி கழுவுவதற்கு முன்னால் காலைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அழுக்குக் காலைச் சாமி தொட்டால் மானக்கேடு. அந்த வருடம் அப்போஸ்தலரான செல்போன் கடைக்காரர் ஒருவர், பழனிசெட்டிபட்டிவரை போய் பியூட்டி பார்லரில் காலுக்கு மட்டும் என்னவோ செய்துகொண்டு வந்தார். பாதம் பன் மாதிரி இருந்தது. கழுவ அதில் ஒன்றுமே இல்லை.

வியாழக்கிழமை நான் காலேஜிலிருந்து வருவதற்குள் அம்மா வேலையை ஆரம்பித்திருந்தாள். சாமி வலது காலை மட்டும்தான் கழுவுவார் என்பதால் அவளும் வலது காலை மட்டும் எடுத்துக்கொண்டாள். சோப்பு, புளி, செங்கல் எல்லாம் முடிந்து, வீட்டில் இருப்பதிலேயே காரமான பொருள் எது என்று தேடி, கண்ணாடி ஜன்னல் துடைக்கும் திரவத்தை எடுத்து ஊற்றியிருக்கிறாள். மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம், இதில் அம்மோனியா. தாமிரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் லேபில் முதல் வருடப் பிள்ளைகளுக்கே தெரியும். கண்ணைப் பறிக்கிற நீலம் வரும். நான் வாசலில் செருப்பைக் கழற்றியபோது அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இடது கால் எப்போதும்போல இருந்தது. வலது காலில் வெடிப்பும் நகக்கண்ணும் இங்க்கில் முக்கி எடுத்த மாதிரி ஜொலித்தது.

எலுமிச்சம்பழம் தேய்த்தால் கரையும் என்றேன். ஆனால் பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டது. அவ்வளவு நேரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, உள்ளே உட்கார்ந்தால் போதும், கால் எந்தக் கலரில் இருந்தால் என்ன என்று சொல்லி அவரைக் கிளப்பினாள்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, குறுக்கே சிவப்புத் துணி. பன்னிரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் நாற்காலியில். முதல் நாற்காலியில் தலைமையாசிரியர், சாவி மட்டும்தான் இல்லை. கடைசி நாற்காலி யூதாசுக்கு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, யாரும் விரும்பி அதில் உட்கார மாட்டார்கள். அப்பா தானாகவே போய் அதில் உட்கார்ந்தார். பக்கவாட்டுக் கதவுக்கு அதுதான் பக்கம். வேட்டியை இழுத்து இழுத்து வலது காலை மூடிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியே காலி. அத்தனை பேரும் ஜன்னலில் தொங்கினார்கள்.

ஆரம்பம் பிரமாதம். துப்பட்டா வலது, அப்பா எழுந்தார். துப்பட்டா இடது, உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எனக்கே பெருமையாக இருந்தது. முதல் வாசகம் தொடங்கியது. அப்போது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. மைக் மட்டும் பேட்டரியில் ஓடியது. வேர்த்துக் கொட்டியது. நான் துப்பட்டாவின் நுனியை எடுத்து முகத்துக்கு விசிறினேன்.

அப்பா எழுந்துவிட்டார்.

எழுந்தவர் என்னைப் பார்க்கிறார், நான் பயந்துபோய் விசிறுவதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் பார்க்கிறேன். பக்கத்தில் இருந்த செல்போன் கடைக்காரர் அப்பாவைப் பார்த்துவிட்டு எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். கோழிகள் போல வரிசையாகப் பத்துப் பதினோரு அப்போஸ்தலர்கள் எழுந்தார்கள். தலைமையாசிரியர் கடைசியாக, தான்தான் முதலில் எழுந்த மாதிரி எழுந்தார். அப்போஸ்தலர்கள் நிற்பதைப் பார்த்ததும் ஆண்கள் பக்கம் எழுந்தது. அப்புறம் பெண்கள் பக்கம். வாசகம் படித்துக்கொண்டிருந்த டீச்சர் தலையை நிமிர்த்திப் பார்த்து, தப்பு தன்மேல்தான் என்று நினைத்து, பக்கத்தைப் புரட்டி எதையோ தேடினார். சாமியும் எழுந்துவிட்டார். அத்தனை பேரும் நின்றுகொண்டே வாசகத்தைக் கேட்டோம். நான் துப்பட்டாவை இடது தோளில் போட்டேன். அப்பா உட்கார்ந்தார். ஊரே உட்கார்ந்தது.

அப்பா முகத்தைப் பார்த்தேன். பயம் போய், எதையோ கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தார்.

நற்செய்தியில் இயேசு காலைக் கழுவவரும்போது இராயப்பர் மறுப்பார் இல்லையா, அந்தப் பகுதிதான் வாசித்தார்கள். அப்பா அதில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். அவர் கண் என் துப்பட்டாவில் இருந்தது.

பிரசங்கம் முடிந்து சாமி மேலாடையைக் கழற்றி, இடுப்பில் துண்டு கட்டி, ஒவ்வொரு நாற்காலியாக வந்தார். தண்ணீர் ஊற்றுவார், துடைப்பார், குனிந்து பாதத்தில் முத்தமிடுவார். சட்டையில் சின்ன மைக் மாட்டியிருந்ததால் அவர் மூச்சு வாங்குவதுகூட ஸ்பீக்கரில் கேட்டது. பன்னிரண்டாவது நாற்காலிக்கு வந்து முழந்தாளிட்டார். அப்பா இடது காலை நீட்டினார். சாமி சிரித்துக்கொண்டே வலது காலைக் கேட்டார். அப்பா தலையை ஆட்டினார். சாமி மெதுவாக வேட்டியை ஒதுக்கி வலது காலைப் பிடித்து வெளியே எடுத்தார். கடற்கரை ஊர்க்காரர், இப்படி ஒரு காலைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றினார். வெள்ளிக் கிண்ணத்தில் நீலம் இறங்கியது. முத்தமிடக் குனிந்தார்.

அப்பா குனிந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாஞ்சாமி, அந்தக் கால்ல வாய வைக்காதீக. அம்புட்டும் மருந்து."

கோயில் முழுக்க, ஜன்னலுக்கு வெளியே, கெபிவரை அது கேட்டது. பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டது. சாமி நிமிர்ந்து பார்த்தார். இவரும் விடவில்லை, அவரும் விடவில்லை, தோளில் கையும் கையில் காலுமாகக் கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

"எந்தக் கால்ல மருந்து இல்லய்யா?" என்றார் சாமி. அதுவும் மைக்கில்தான் வந்தது.

அப்பா மறுபடி இடது காலை நீட்டினார். சாமி வலது காலைக் கழுவி, இடது காலுக்கு முத்தமிட்டார். வேதாகமத்தில் எங்கும் இப்படி நடந்ததாகத் தெரியவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் விசேஷம். சாமி ஏற்பாடு செய்த நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். இராயப்பர் மறுத்த மாதிரியே மறுத்தாக, குரல்ல நடுக்கம்கூட வந்துச்சு என்று பின்னால் ஒரு பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். தலைமையாசிரியருக்குத்தான் தாங்கவில்லை. பூசை முடிந்ததும் நேராகச் சாமியறைக்குப் போய், அது முதல் நாற்காலிக்காரன் சொல்ல வேண்டிய வசனம், தன்னிடம் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று சண்டை போட்டார்.

ஆனால் கால் கழுவி முடிந்த கையோடு நடந்த ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் எழுந்தோம். அப்பா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார், உதடு திறந்தது. விசுவாசப் பிரமாணம் வரும் என்று காத்திருந்தார். மாதா சபைப் பெண் ஒருவர் மன்றாட்டு வாசிக்க ஆரம்பித்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். பெரிய வியாழனில் விசுவாசப் பிரமாணம் கிடையாது என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

பைக்கில் மூன்று பேரும் திரும்பும்போது அப்பா வாயைத் திறந்தார்.

"விசுவாசப் பிரமாணத்த விட்டுட்டாகளே."

"இன்னைக்குச் சொல்ல மாட்டாக போல. அது உங்களுக்கு எதுக்கு?" என்றாள் அம்மா.

"நாளைக்குச் சொல்லுவாகளா?"

அம்மா பின்னாலிருந்து எட்டி அவர் முகத்தைப் பார்த்தாள். நாளைக்கு வருவதாக அதற்கு அர்த்தமா என்று கேட்டாள். சொல்வார்களா என்றுதான் கேட்டேன் என்றார் அவர். சொல்வார்கள் என்று அடித்துச் சொன்னாள். அவளுக்கும் தெரியாது என்பது பெரிய வெள்ளியன்று தெரிந்தது. மூன்று மணி நேரம் சிலுவைப்பாதை, பாடு, சிலுவை முத்தம் எல்லாவற்றுக்கும் அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். அதைத் தவிர எல்லாம் வந்தது. பிலாத்து மட்டும் இயேசுவின் பாடுகளை வாசித்தபோது நீளமாக வந்து போனார். அப்பா அவரை மட்டும் கூர்ந்து கேட்டதாகச் சொன்னார்.

சனிக்கிழமை இரவு, ஈஸ்டருக்கான பாஸ்கா பூசையில், அதைக் கேள்வி பதிலாக முடித்துவிட்டார்கள். சாமி கேட்கக் கேட்க, கையில் மெழுகுவர்த்தியோடு விசுவசிக்கிறேன் என்று ஒற்றை வார்த்தை சொன்னால் போதும். முழுசாகப் படித்துப் போனால் ஒரு மார்க் கேள்வியாகக் கேட்டிருக்கிறார்கள் என்று அப்பா கொதித்தார். படித்தது மறந்துவிடக் கூடாதே என்று அந்த வாரம் முழுக்கத் தோட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். துப்பட்டா வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். "யாருக்குமே தெரியலத்தா. பக்கத்து ஆளத்தான் பாக்குறாக. நானும் பாத்துக்கிறேன்."

அடுத்த ஞாயிறு. வேப்பமரத்தடியில் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஒரு சோலி இருக்கு, முடித்துவிட்டு வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்து நடுவில் உட்கார்ந்தார். பிரசங்கம் முடிந்தது. சாமி எழுந்து விசுவாசப் பிரமாணத்தின் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தார்.

அப்பா எல்லோரையும்விட ஒரு மூச்சு முன்னால் ஓடினார். வெளியே நின்று கேட்டால் இரைச்சலாகக் கேட்கும் அந்த ஒரே குரல், உள்ளே வந்து கேட்டால் பாதிப்பேர் வாய்க்குள் முனகுவதுதான். அவர் குரல் மட்டும் தனியாக, தோட்டத்தில் மோட்டாரைத் தாண்டிக் கூப்பிடும் குரலில் வந்தது. பிலாத்து சரியான இடத்தில் வந்தார். நான் மூச்சு விட்டேன். நித்திய வாழ்வையும் ஆமெனையும் முதல் ஆளாகச் சொல்லி முடித்தார்.

முடித்தவர், சோலி முடிந்ததென்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து மன்றாட்டு. எல்லோரும் நிற்க வேண்டும். ஊரே நின்றது. ஆண்கள் பக்கத்தில் கால்களுக்கு நடுவே அவர் தலை மட்டும் கீழே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு நிம்மதியாக இருந்தார். நான் துப்பட்டாவைப் பிடித்தேன். அவர் பார்க்கவே இல்லை. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, ஒருவர் சிரிக்கத் தொடங்கினார்.

அம்மா அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னையும், என் கையிலிருந்த துப்பட்டாவையும் பார்த்தாள். வியாழக்கிழமை அது தோள் மாறிக்கொண்டே இருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

"அவுகளுக்கு இதெல்லாம் தெரியாதாடி?"

நான் துப்பட்டாவைக் கையிலிருந்து விட்டேன். அம்மா ஒருமுறை பீடத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, முதல் வரிசையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, தரையில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் நின்ற மாதா சபைத் தலைவி குனிந்து, மேலுக்கு முடியலையா என்று கேட்டார்.

"மூட்டு வலிக்குது," என்றாள் அம்மா. "எங்க வீட்டுல ரெண்டு பேத்துக்குமே மூட்டுவலி."